வெள்ளி பூத்த எண், சுருங்கிய பெயர்: மாடல் இன்ஜின் டீகாலுக்கு அறிகுறி பார்த்துக் கைவைத்தியம்

மாடல் ரயில் இன்ஜினுக்கு இரண்டு வாரம் பொறுமையாகப் பெயின்ட் அடித்துவிட்டு, எண்ணையும் பெயரையும் ஒட்டும் கடைசி அரைமணி நேரத்தில் அத்தனையையும் கெடுத்துக்கொள்வது எளிது. எழுத்து கெட்டவுடன் எல்லோரும் டீகால் தாளைத்தான், அதாவது எழுத்தை அச்சடித்த மெல்லிய படலம் ஒட்டியிருக்கும் தாளைத்தான், திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் தாளில் இருக்காது. அடியில் உள்ள பூச்சு, ஊறவைத்த தண்ணீர், அன்றைய காற்று என்று மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். சேலத்தில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் தலைவலி. ஊருக்குள் ஏப்ரல் வெயிலும் போர்வெல் உப்புத் தண்ணீரும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால், 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி. அதே தாளும் மேலே அடிக்கும் அதே நிறமற்ற பூச்சும், அதாவது கிளியரும், கீழே ஊரில் ஒரு மாதிரி கெடும், மேலே வேறு மாதிரி கெடும். அதனால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்.

கீழே உள்ளவை எச்.ஓ. அளவு, அதாவது 1:87, பிளாஸ்டிக் உடல், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீகால் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியவை. அதைவிடச் சிறிய 'என்' (N) அளவுக்கும் இதே வைத்தியம்தான். பொறுமை மட்டும் இரட்டிப்பாக வேண்டும்.

மேசையில் இருக்க வேண்டியவை: புது பிளேடு மாட்டிய கத்தி, மென்மையான இரண்டு பிரஷ், காது குடையும் பட்ஸ், மாஸ்கிங் டேப், கூர்நுனிச் சாவணம். சாவணத்துக்கு ஆன்லைனில் தேட வேண்டியதில்லை. கொலுசுப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடையில் நல்லதாகவே கிடைக்கும். கண்ணில் மாட்டும் லென்ஸையும் அங்கேயே கேளுங்கள். திரவம் இரண்டு. நீல லேபிள் மைக்ரோ செட், ஒட்டுவதற்கு முன் பரப்பில் தடவுவது. சிவப்பு லேபிள் மைக்ரோ சால், ஒட்டிய பிறகு படலத்தை இளக்கி உடலோடு படியவைப்பது. செட் தீர்ந்துபோனால் ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து சமாளிக்கலாம். சால் தீர்ந்துபோனால் வாங்கி வரும்வரை காத்திருங்கள். அதற்குப் பதிலாகத் தின்னரைத் தொட்டு வைத்தால் எழுத்தோடு பெயின்டும் எழுந்து வந்துவிடும்.

எழுத்தைச் சுற்றி வெள்ளி பூத்திருக்கிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். காய்ந்த பிறகு எழுத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிப் படலம் ஜரிகை போல மினுங்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். வெள்ளிக்குப் பேர்போன ஊரில் இந்த வெள்ளி மட்டும் யாருக்கும் வேண்டாம்.

முதலில் இது அதுதானா என்று உறுதி செய்யுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மினுக்கம் படலத்தின் ஓரத்தோடு வெட்டியது போல நின்றால், படலத்துக்கு அடியில் காற்று மாட்டியிருக்கிறது. ஓரத்தைத் தாண்டி வெளியிலும் பரவியிருந்தால் அது பசையோ தண்ணீர்க் கறையோதான். அதற்குக் கீழே தனியாக வழி இருக்கிறது.

காற்று ஏன் மாட்டுகிறது? மேட் பெயின்ட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட், பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் லென்ஸில் மேடும் பள்ளமுமாக இருக்கும். படலம் மேடுகளின் மேல் மட்டும் உட்காருகிறது. பள்ளங்களில் நிற்கும் காற்று வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது, அதுதான் வெள்ளியாகத் தெரிகிறது. சேலத்தில் கோடை மதியத்தில் ஸ்ப்ரே அடித்தால், பெயின்ட் துளி உடலைத் தொடுவதற்குள் பாதி காய்ந்துவிடும். பளபளப்பு என்று லேபிளில் எழுதியிருந்தாலும் தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். அந்த மாதங்களில் காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் அடித்து முடிப்பது நல்லது. ஏர்பிரஷ்ஷில் அக்ரிலிக் அடிப்பவர்கள் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேர்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஒட்டி, இன்னும் கிளியர் அடிக்காத டீகாலை இப்படிக் காப்பாற்றலாம்:

1. வெள்ளி தெரியும் இடத்தில் மிக மெல்லிய ஊசியால், இன்சுலின் சிரிஞ்ச் ஊசி பொருத்தம், ஒரு மி.மீ. இடைவெளியில் துளையிடுங்கள். எழுத்தின் மேல் வேண்டாம், சுற்றியுள்ள படலத்தில் மட்டும்.
2. மைக்ரோ சாலைப் பிரஷ் நுனியால் தொட்டு வையுங்கள். தேய்க்க வேண்டாம். துளை வழியாகத் தானே உள்ளே இறங்கும். இறங்கும்போது வெள்ளி கருத்துப் போவது கண்ணுக்கே தெரியும்.
3. இரண்டு மணி நேரம் காயவிட்டு மறுபடி டார்ச் அடித்துப் பாருங்கள். மிச்சம் இருந்தால் திரும்பச் செய்யுங்கள். மூன்று நான்கு சுற்று ஆவது சாதாரணம்.
4. கடைசிச் சுற்றில் படலம் இளகியிருக்கும்போது, ஈரமான பட்ஸை மேலிருந்து நேராக அழுத்தி எடுங்கள். உருட்டினால் எழுத்தும் கூடவே உருளும்.

நான்கு சுற்றுக்கும் போகவில்லை என்றால் அடிப்பரப்பு ரொம்பவே சொரசொரப்பு என்று அர்த்தம். டீகாலை எடுத்துவிடுங்கள். மாஸ்கிங் டேப்பை மேலே ஒட்டி இழுத்தாலே வந்துவிடும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தேய்த்து, பளபளப்பான கிளியரை மெல்லியதாக இரண்டு கோட் அடித்து, காயவிட்டுப் புது டீகால் ஒட்டுங்கள். கிளியர் காய்ந்ததா என்று மூக்கால் சோதியுங்கள்: உடலை மூக்கருகில் கொண்டுபோனால் பெயின்ட் வாசனை வரக்கூடாது. அக்ரிலிக்குக்கு ஒரு நாள் போதும், எனாமலுக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஏற்காட்டில் மழை மாதம் என்றால் இரண்டையும் இரட்டிப்பாக்குங்கள். காயாத பூச்சின் மேல் மைக்ரோ சால் பட்டால் பெயின்டே சுருங்கும். அதற்குப் பிறகு உடலை முழுவதும் உரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மேலே கிளியர் அடித்த பிறகுதான் வெள்ளியைக் கவனித்தீர்கள் என்றால் பிழைக்கும் வாய்ப்பு பாதிதான். கிளியர் திரவத்தை உள்ளே விடாது. கிளியரையும் சேர்த்துத் துளைத்து முயன்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

தண்ணீரில் போட்டதும் டீகால் உதிர்ந்துவிட்டது

பழைய தாள், அல்லது மேல்பூச்சு இல்லாத தாள். எண் மூன்று நான்கு சில்லாக மிதக்கும். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டப் பார்ப்பது நேர விரயம். தாளின் மிச்சப் பகுதிக்கு மைக்ரோஸ்கேல் லிக்விட் டீகால் ஃபிலிமை ஒரே திசையில் ஒரு பிரஷ் இழுப்பாகத் தடவி, ஒரு இரவு காயவிடுங்கள். பளபளப்பான கிளியர் ஸ்ப்ரேயும் இதற்கு உதவும். எந்தப் பழைய தாளாக இருந்தாலும், தேவையில்லாத ஒரு எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்காமல் முக்கியமான எண்ணில் கை வைக்காதீர்கள். மேல்பூச்சு தடவிய தாளில் எழுத்துகளுக்கு நடுவே படலம் தொடர்ந்து ஓடும் என்பதால், ஒவ்வொன்றையும் சுற்றி நெருக்கமாக வெட்ட வேண்டும்.

படலம் மஞ்சளித்த தாளுக்கு ஒரு எளிய வழி உண்டு. ஜன்னல் கண்ணாடியில் எழுத்துப் பக்கம் வெளியே பார்க்கும்படி டேப்பால் ஒட்டி, சில நாள் வெயில் காட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சேலத்து வெயில் நமக்கு வேலை செய்து கொடுக்கும்.

மை கரைந்து ஓடுகிறது

இன்க்ஜெட்டில் அச்சடித்து, கிளியர் அடிக்காமல் நனைத்திருக்கிறீர்கள். இதற்குப் பிறகு சரிசெய்ய ஒன்றும் இல்லை, அச்சடிப்பதிலிருந்து தொடங்குங்கள். அச்சடித்ததும் ஒரு மணி நேரம் காயவிட்டு, கிளியரை 25 செ.மீ. தூரத்திலிருந்து மூன்று தூவலாக, தூவலுக்குத் தூவல் பதினைந்து நிமிடம் விட்டு அடியுங்கள். முதல் தூவலிலேயே நனைய அடித்தால் மை அங்கேயே கலங்கிவிடும்.

லேசரில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தாள் மாறக்கூடாது. இன்க்ஜெட் டீகால் தாளை லேசர் மெஷினில் விட்டால் உள்ளே இருக்கும் சூட்டு உருளையில் படலம் உருகி ஒட்டிக்கொள்ளும். டிடிபி கடையில் கொடுக்கும்போது பாக்கெட்டோடு கொடுத்து, "அண்ணே, இது லேசர் தாள்தான், பாத்துக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரு முறை மெஷின் கெட்டால் அந்தக் கடையில் உங்களுக்கு மறுபடி அச்சு கிடைக்காது.

தாளிலிருந்து நகரவே மாட்டேன் என்கிறது, அல்லது நகர்ந்தபின் உடலில் ஒட்டமாட்டேன் என்கிறது

இரண்டுக்கும் காரணம் ஊறவைத்த நேரம். தாளைக் கிண்ணத்தில் போட்டு மறந்துவிடுவதுதான் தவறு. பத்து நொடி மூழ்கவைத்து, வெளியே எடுத்து, நனைந்த டிஷ்யூவின் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். விரலால் தொட்டால் வழுக்கும் நிலை வந்ததும் தாளை உடலோடு ஒட்டிப் பிடித்து, படலத்தைத் தாளிலிருந்து உடலுக்குத் தள்ளுங்கள். சாவணத்தால் தூக்கிக் கொண்டுபோக வேண்டாம், மடிந்துகொள்ளும். கிண்ணத்திலேயே தனியாக மிதக்க விட்டால் பசை முழுவதும் தண்ணீரோடு போய்விடும். அப்படிப் போனதை மைக்ரோ செட்டை அடியில் தாராளமாக விட்டு ஒட்டலாம். நிற்கும், ஆனால் கிளியர் அடிக்கும்வரை கை படக்கூடாது.

நகர மறுக்கும் தாளுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

மைக்ரோ சால் விட்டதும் எண் சுருங்கிவிட்டது

கையை எடுத்துவிடுங்கள். இது கோளாறே இல்லை. இளகிய படலம் சில நிமிடத்துக்கு முதியவர் தோல் போலச் சுருங்கும். காயும்போது தானே இழுத்துக்கொண்டு உடலோடு படியும். அந்த நேரத்தில் பதறிப்போய் பிரஷ்ஷால் நீவியவர்கள்தான் எண்ணைக் கிழித்தவர்கள்.

மறுநாளும் சுருக்கம் இருந்தால்தான் கோளாறு. காரணம் இரண்டில் ஒன்று. மெல்லிய படலத்துக்கு சால்வாசெட் போன்ற வலுவான திரவம் போட்டிருப்பீர்கள். அல்லது சேலத்துக் கோடையில், மின்விசிறிக்குக் கீழே, படலம் படிவதற்குள் திரவம் ஆவியாகியிருக்கும். இரண்டாவது என்றால், மின்விசிறியை நிறுத்திவிட்டு மைக்ரோ சாலை மறுபடி தொட்டு வைத்து, இன்ஜினின் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். மெதுவாகக் காய்ந்தால் படிந்துவிடும். முதலாவது என்றால் சுருக்கத்தின் மேட்டை பிளேடு நுனியால் நீளவாக்கில் கீறி, சால் விட்டு, பட்ஸால் அழுத்துங்கள். வலுவான திரவத்தைத் தடிமனான படலத்துக்கு மட்டும், அதுவும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீல், கம்பித் தடுப்பு, ரிவெட் மேல் கூடாரம் போட்டு நிற்கிறது

டீசல் இன்ஜின்களில், குறிப்பாக டபிள்யூ.டி.எம். வகைகளில், நீண்ட மூக்கின் பக்கவாட்டுக் கதவுகளும் கீல்களும் எழுத்துக்குக் குறுக்கே வரும். மின்சார இன்ஜினில் காற்று உள்ளே போகும் சாய்வுப் பட்டைகள். படலம் மேட்டிலிருந்து மேட்டுக்குப் பாலம் போட்டுவிடும்.

பாதி காய்ந்த நிலையில், அதாவது ஒட்டி இருபது நிமிடம் கழித்து, கதவின் விளிம்புக் கோட்டில் புது பிளேடால் வெட்டுங்கள். நிஜ வண்டியிலும் கதவு திறக்கும் இடத்தில் பெயின்ட் பிரிந்துதான் இருக்கும். கீலின் மேல் ஊசியால் ஒரு துளை. பிறகு சால், மூன்று நான்கு முறை. கடைசி முறை, சூடான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து நொடி அழுத்தி வைத்தால் பிடிவாதமான இடமும் இறங்கிவிடும். பட்டைகளின் மேல் முழு எண்ணாக ஒட்டுவதைவிட, ஒவ்வொரு இலக்கமாக ஒட்டுவது சுலபம்.

எண் சாய்ந்திருக்கிறது

கண்ணளவில் ஒட்டினால் சாயும். இன்ஜின் உடலின் அடி விளிம்பிலிருந்து காலிப்பரால் அளந்து, மாஸ்கிங் டேப்பை நேர்க்கோடாக ஒட்டி, எழுத்தின் அடி அதைத் தொடும்படி நகர்த்துங்கள். ஐந்து இலக்கம் என்றால் நடு இலக்கத்தை முதலில் ஒட்டி இருபுறமும் போனால் இடைவெளி தவறாது. '1'க்கு மற்ற இலக்கங்களைவிடக் குறைந்த இடம் கொடுங்கள். சம இடைவெளி கொடுத்தால் அந்த இடத்தில் பல் விழுந்தது போல் தெரியும். டேப்பை டீகால் காய்ந்தபின் எடுங்கள், ஈரத்தில் எடுத்தால் கூடவே வரும்.

காய்ந்துவிட்டது, ஆனால் சால் இன்னும் விடவில்லை என்றால் நிறையத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள், மிதந்து நகரும். சால் விட்டாயிற்று என்றால் நகராது, உரிக்கத்தான் வேண்டும்.

காய்ந்தபின் சுற்றிலும் வெள்ளைக் கறை

டார்ச் சோதனையில் ஓரத்தைத் தாண்டிப் பரவியிருந்ததே, அது இதுதான். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்பு நிற்கும். ஊருக்கு வரும் மேட்டூர்க் காவிரித் தண்ணீர் அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் அதை நம்ப வேண்டாம். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கினால் ஒரு வருடம் வரும். கடையில் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள், பக்கத்திலேயே பேட்டரி ஆசிட் பாட்டிலும் இருக்கும்.

ஒட்டிய ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டு வினிகர் விட்டு, பட்ஸை நனைத்துப் பிழிந்து, எழுத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு முறை. பழுப்பாகப் பிசுபிசுத்தால் அது உப்பு அல்ல, டீகால் பசை. வெதுவெதுப்பான தண்ணீரிலேயே போய்விடும். எதுவாக இருந்தாலும் கிளியர் அடிப்பதற்கு முன் துடைத்தாக வேண்டும். கிளியருக்கு அடியில் போன கறை அங்கேயே நிரந்தரக் குடித்தனம் வைத்துவிடும்.

எழுத்துக்கு அடியில் நூல் மாட்டியிருக்கிறது

அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் தெருவில் வீடு இருந்தால் இதற்கு விளக்கம் தேவையில்லை. பஞ்சுத் தூசி ஜன்னல் மூடினாலும் வரும். ஒட்டுவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்து, மின்விசிறியை நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். மாட்டிக்கொண்ட நூலைப் படலம் ஈரமாக இருக்கும்போதே ஓரத்தைத் தூக்கி எடுத்துவிடலாம். காய்ந்தபின் எடுக்கப் போனால் எழுத்தும் போகும். காய்ந்த பிறகும் நூல் எழுத்துக்கு அடியிலேயே இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

வெள்ளை எழுத்து ரோஸ் நிறமாகத் தெரிகிறது

எப்போது ரோஸ் ஆனது என்பதை வைத்துத்தான் காரணம். ஒட்டிய நொடியிலிருந்தே அப்படி என்றால் வெள்ளை மை மெல்லியது, அடியில் உள்ள சிவப்பு ஊடுருவித் தெரிகிறது. முதல் டீகால் நன்றாகக் காய்ந்தபின், அதன் மேலேயே இன்னொன்றைச் சரியாகப் பொருத்தி ஒட்டுங்கள். அரை மி.மீ. விலகினாலும் நிழல் விழுந்தது போலத் தெரியும், லென்ஸ் இல்லாமல் செய்ய வேண்டாம்.

ஒட்டியபோது நல்ல வெள்ளை, கிளியர் அடித்தபின் மெல்ல ரோஸ் ஆனது என்றால் சிவப்புப் பெயின்டின் சாயம் கிளியரின் தின்னரில் கரைந்து மேலே ஏறியிருக்கிறது. இதற்கு மேல்பூச்சால் மருந்து இல்லை. அடுத்த வண்டியில் சிவப்பின் மேல் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் கிளியரைத் தடுப்பாக அடித்துவிட்டு டீகால் ஒட்டுங்கள்.

வீட்டுப் பிரின்டரில் வெள்ளை அச்சடிக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதில் வெள்ளை மையே கிடையாது. வெள்ளை டோனர் போடும் லேசர் அச்சகத்தைப் பிடிக்க வேண்டும், அல்லது நல்ல ஸ்கிரீன் பிரின்டரிடம் டீகால் தாளைக் கொடுத்து அடிக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைத் தாளில் பின்னணிச் சிவப்பை அச்சடித்து வெட்டி ஒட்டும் யோசனை எல்லோருக்கும் ஒரு முறை வரும். உங்கள் பெயின்டின் சிவப்பும் பிரின்டரின் சிவப்பும் ஒத்துப்போகவே போகாது.

கிளியர் அடித்ததும் எழுத்து வெடித்தது, நெளிந்தது

லாக்கர் கிளியரை ஒரேயடியாக ஈரமாக அடித்திருக்கிறீர்கள். அதன் தின்னர் படலத்தைத் தின்றுவிட்டது. டீகால் ஒட்டி 24 மணி நேரம், ஏற்காட்டில் 48 மணி நேரம் கழித்து, முதல் இரண்டு கோட்டும் வெறும் தூவலாகவே இருக்க வேண்டும்: 25 செ.மீ. தூரம், கை நிற்காமல் நகர வேண்டும், கோட்டுக்கு நடுவே பதினைந்து நிமிடம். மூன்றாவதுதான் ஈரக் கோட். வெடித்துவிட்ட எழுத்தின் மேல் இன்னும் கிளியர் அடித்தால் விரிசல் எடுப்பாகத் தெரியுமே தவிர மறையாது.

கிளியர் பால் போல வெளுத்துவிட்டது

இது மேலே, மலையில் இருப்பவர்களின் வியாதி. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, கிளியருக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஏரியின் மேல் பனி இறங்குவது ஜன்னலில் தெரிந்தால் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வைத்து, 65 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நேரத்தில் மட்டும் அடிப்பது நல்ல விதி. ஏற்காட்டில் அது பெரும்பாலும் வெயில் ஏறிய முற்பகல்.

வெளுத்ததை மீட்க, காற்றில் ஈரமில்லாத நாளுக்காகக் காத்திருந்து, அதே வகைப் பளபளப்பான கிளியரை மெல்லிய தூவலாக அடியுங்கள். பழைய பூச்சு லேசாக இளகி, மாட்டிய ஈரம் வெளியேறித் தெளியும். அவசரத்துக்கு ஒரு மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு மாட்டி, கேனையும் இன்ஜின் உடலையும் அரைமணி அதில் வைத்து எடுத்து அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உடலுக்குச் சரி, உள்ளே 40 டிகிரி தாண்டாமல் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கேனை மட்டும் ஒருபோதும் அதில் வைக்காதீர்கள். கேனுக்கு வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணம் போதும்.

கீழே சேலத்திலும் வெளுத்தால் அது வேறு கதை. மேட் கிளியரின் மாவு கேனின் அடியில் தங்கியிருக்கும், சரியாகக் குலுக்கவில்லை. அல்லது கனமாக அடித்திருக்கிறீர்கள். மேலே பளபளப்பான கிளியர் ஒரு கோட் அடித்தால் தெளிந்துவிடும். காய்ந்தபின், இரண்டு நிமிடம் முழுதாகக் குலுக்கிய மேட் கிளியரை லேசாக அடியுங்கள்.

படலத்தின் ஓரம் படிக்கட்டு போலத் தெரிகிறது

வெட்டும்போதே எழுத்தை ஒட்டி, மூலைகளை வளைத்து வெட்டியிருந்தால் இது வராது. கத்தரிக்கோல் ஓரத்தை நசுக்கித் தூக்கிவிடும், பிளேடுதான் வேண்டும். வந்துவிட்டால் பளபளப்பான கிளியர் மூன்று கோட், ஒரு நாள் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் ஓரத்தை மட்டும் ஈரத்தோடு தேய்த்தல், மறுபடி ஒரு கோட், கடைசியில் மேட்.

தமிழ் எழுத்து அடைத்துக்கொண்டது

ஷெட் பெயர், அதாவது இன்ஜினைப் பராமரிக்கும் இடத்தின் பெயர், தமிழில் உள்ள வண்டியைச் செய்பவர்களுக்கு மட்டும் வரும் கோளாறு இது. வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இதற்கு விடை இருக்காது. 'ஈரோடு' என்று அச்சடிக்கக் கொடுத்தால் கையில் வருவது 'ஈரொடு'. ரோவின் கொம்பில் உள்ள மேல்சுழி மையால் அடைபட்டுவிட்டது. 'சேலம்' என்றால் மகரத்தின் புள்ளி காணாமல் போய் 'சேலம' ஆகிவிடும்.

கணக்கு எளிது. 600 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 600 மைப்புள்ளி விழும் அச்சில் ஒரு புள்ளி சுமார் 0.04 மி.மீ. நிஜத்தில் 100 மி.மீ. உயர எழுத்து எச்.ஓ.வில் 1.15 மி.மீ. ஆகிறது; அதன் முழு உயரத்துக்கும் கிடைப்பது 27 புள்ளிதான். அதற்குள் சுழியும், சுழிக்குள் ஓட்டையும் வரவேண்டும். அதனால் 1200 டி.பி.ஐ. அச்சு கேளுங்கள். தடிமனும் மெலிவும் மாறி மாறி வரும் எழுத்துரு வேண்டாம், கோடு ஒரே தடிமனாக ஓடுவதைத் தேர்ந்தெடுங்கள். போல்டு போடவே கூடாது. எழுத்தை அகலவாக்கில் ஐந்து சதவீதம் நீட்டினால் சுழி திறந்துகொள்ளும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மெய்யெழுத்தின் மேல் வரும் புள்ளியை மட்டும் தனியாகப் பெரிதாக்குங்கள்.

டிடிபி கடையில் கோப்பைத் திறந்ததும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால், அது அவர்கள் மென்பொருள் யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியாத பழையது என்பதால். வீட்டிலேயே எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டுபோங்கள். அச்சானபின் காணாமல் போன புள்ளியை, டீகால் காய்ந்ததும் 000 பிரஷ் நுனியால் வைத்துவிடலாம்.

எல்லாம் சரியாக ஒட்டியிருக்கிறது, ஆனாலும் பொம்மை மாதிரி இருக்கிறது

முதல் சந்தேகம் அளவின் மேல். பெரும்பாலும் எழுத்து பெரிதாகிவிட்டிருக்கும். நேர் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று இருந்தால் நிஜ உயரத்தைக் கண்டுபிடிக்கலாம். டபிள்யூ.ஏ.பி.-4 போன்ற இன்ஜின்களின் சக்கர விட்டம் புதிதில் 1,092 மி.மீ. படத்தில் சக்கரம் 120 பிக்சல், எண்ணின் உயரம் 30 பிக்சல் என்றால், நிஜத்தில் எண் 273 மி.மீ.; எச்.ஓ.வில் 3.1 மி.மீ. போகிச் சட்டம் சக்கரத்தை மறைத்தால் தண்டவாள மட்டத்திலிருந்து அச்சின் மையம் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். சக்கரம் 1,016 மி.மீ. வரை தேயும் என்பதால் நூற்றுக்கு ஏழு வரை பிசகு வரலாம். அதனால் கிடைத்த அளவில் சந்தேகம் இருந்தால் சிறிய பக்கமே சாயுங்கள்.

இரண்டாவது நிறம். நிஜ வண்டியில் சுத்த வெள்ளை, வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்த முதல் வாரத்தோடு சரி. தூய வெள்ளை டீகாலின் மேல், உடலின் நிறத்தையே பத்து மடங்கு தின்னரில் கலந்து ஒரே ஒரு தூவல் அடித்தால் எழுத்து உடலோடு இறங்கிவிடும். பிரேக் தூசி கீழிருந்து மேலே ஏறும். ஆகவே பழுப்புப் பாஸ்டல் பொடியை மென்மையான பிரஷ்ஷால் சட்டத்தின் அடியில் தொடங்கி மேல்நோக்கி இழுங்கள். எண்ணின் கீழ்ப்பாதி வரை வந்தால் போதும். எண்ணை மட்டும் யாரோ துணியால் துடைத்துவிட்டது போலப் பளிச்சென்று விடுவதும் பார்க்க நன்றாக இருக்கும், நிஜத்திலும் அப்படிக் காணலாம். அதற்குப் பொடி போட்டபின், மேட் கிளியருக்கு முன், ஈரமான பட்ஸால் எண்ணின் மேல் ஒரே ஒரு முறை பக்கவாட்டில் இழுங்கள்.

பி.ஓ.எச். தேதி (பட்டறையில் முழுப் பராமரிப்பு நடந்த தேதி) போன்ற பொடி எழுத்துகளைக் கடைசியாக, அழுக்குக்கு மேலே ஒட்டுங்கள். அது பட்டறையில் புதிதாக எழுதப்படுவது, உடலின் பழைய அழுக்கு அதன் மேல் இருக்க முடியாது. ஒட்டும் இடத்தில் மட்டும் பளபளப்பான கிளியரைப் பிரஷ்ஷால் ஒரு சிறு சதுரமாகத் தடவிக்கொண்டு ஒட்டி, காய்ந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் மேட் தொட்டுவிடுங்கள்.